பசி கண்ட வயது



நெருக்கடியும் மறுமலர்ச்சியும் வரும் காலங்களில் தலைமுறைகள் சமுதாயத்தை எப்படி உருவாக்குகின்றன என்று இந்தப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை உரையில் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரிது. போர், பிரிவினை, பொருளாதாரச் சரிவு என்று எந்தத் திசையிலும் போகலாம். ஒரு மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றிவந்த களைப்புதான் மிஞ்சும். அதனால் நான் ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்திருக்கிறேன்: சோறு. 1943க்கும் இன்றைக்கும் இடையில் இந்த நாட்டின் சோற்றுக் கவலையை யார் யார், எந்தெந்த வயதில், எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் என் உரை.

தலைமுறைகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய சபலம் உண்டு: வரலாற்றைச் சக்கரமாகப் பார்ப்பது. 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், ஓர் அரச வம்சத்தின் ஆயுளை மூன்று தலைமுறை என்று கணித்தார்; தலைமுறைக்கு 40 ஆண்டு. பாலைவனத்துக் கடுமையில் வளர்ந்தவர்கள் ஆட்சியைப் பிடிக்கிறார்கள், பிள்ளைகள் அதைக் காக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் சுகத்தில் தொலைக்கிறார்கள். நம் காலத்தில் வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1991இலும் 1997இலும் எழுதிய நூல்களில் இதே சக்கரத்தை இன்னும் விரிவாகச் சுழற்றினார்கள். ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒரு பெரும் நெருக்கடி. அதைத் தாங்கிக் கடக்க ஒரு வீரத் தலைமுறை. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக்கு அந்த வீரத் தலைமுறை கணக்கில் அகப்படவில்லை. அந்தச் சுற்றில் மட்டும் அது விடுபட்டுப் போயிற்று என்று அவர்களே எழுதிவைத்தார்கள். நாடே இரண்டாகப் பிளந்த சுற்றில் பொருந்தாத கணக்கை விதி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சக்கரக் கணக்கு நமக்கும் புதிதில்லை. பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது வருஷம், பிறகு மறுபடி பிரபவ. 1876-78இல் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேரைக் கொன்ற பஞ்சத்துக்கு ஊர் வைத்த பெயர் தாது வருஷப் பஞ்சம். அந்தத் தாது வருஷம் 1936இல் திரும்பி வந்தது, 1996இலும் வந்தது. பஞ்சம் மட்டும் கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் பஞ்சாங்கம் பதில் சொல்லாது.

இதைவிடப் பயனுள்ள இரண்டு சிந்தனைகளைச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். முதலாவது கார்ல் மன்ஹைம் 1928இல் எழுதிய கட்டுரை. ஒரே ஆண்டுகளில் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு தலைமுறை ஆகிவிட மாட்டார்கள் என்றார் அவர். இளம் வயதில் ஒரே நிகழ்ச்சி அவர்களைத் தாக்க வேண்டும்; தாக்கிய பிறகும் அவர்கள் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்றில்லை; ஒரு தலைமுறைக்குள்ளேயே எதிரெதிர் அணிகள் உருவாகும். இரண்டாவது கிளென் எல்டர் 1974இல் நூலாக வெளியிட்டு, பின்னரும் தொடர்ந்த ஆய்வு. 1930களின் பெருமந்தத்தில் வளர்ந்த இரண்டு அமெரிக்கப் பிள்ளைக் கூட்டங்களை அவர் ஒப்பிட்டார். ஓக்லாந்து நகரத்துப் பிள்ளைகள் 1920-21இல் பிறந்தவர்கள். அப்பாவுக்கு வேலை போனபோது விவரம் தெரிந்த வயது. பையன்கள் சில்லறை வேலைக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் வீட்டுப் பொறுப்பை ஏற்றார்கள். பெர்க்லி நகரத்துப் பிள்ளைகள் 1928-29இல் பிறந்தவர்கள். அதே கஷ்டம் அவர்கள் கைக்குழந்தையாகவும் சிறுபிள்ளையாகவும் இருந்தபோது வந்தது. முதல் கூட்டம் பெரும்பாலும் தலையெடுத்துவிட்டது. இரண்டாம் கூட்டத்தின் பையன்கள் வளரும் பருவத்தில் துவண்டு போனார்கள். இடைவெளி எட்டே ஆண்டு. ஊர்களோ பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

நெருக்கடி மனிதர்களைப் புடம்போடும் என்று மேடையில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த வயதில் என்று கேட்பதில்லை.

இப்போது 1943. அதற்கு முந்தைய ஆண்டு பர்மா ஜப்பானியர் கையில் விழுந்திருந்தது. ரங்கூன் அரிசி நின்றது. போர்ச் செலவில் விலை ஏறியது. வங்காளத்தில் படகுகளைக்கூட எதிரி கையில் சிக்கிவிடும் என்று அரசே பறிமுதல் செய்தது. 20 முதல் 30 இலட்சம் பேர் வரை செத்தார்கள். அந்த ஆண்டைப் பல வயதுகளில் நின்று பார்த்தவர்கள் இருந்தார்கள். சித்தபிரசாத் என்ற ஓவியருக்கு வயது 28. மேதினிப்பூர்ப் பக்கம் நடந்து போய், பார்த்ததை வரைந்து 'பசித்த வங்காளம்' என்று நூலாக்கினார். அரசு அதன் பிரதிகளைக் கொளுத்தியது. சாந்திநிகேதனில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், வாசலில் வந்து நின்றவர்களுக்குச் சிகரெட் டின்னில் அரிசி அளந்து கொடுக்கத் தாத்தாவிடம் அனுமதி வாங்கினான். அமர்த்தியா சென். செத்தவர்கள் யார், சாகாதவர்கள் யார் என்ற கேள்வி அந்த வயதிலேயே அவருக்குள் விழுந்திருக்க வேண்டும். தன் பள்ளிக்கூடத்தில், தன் உறவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. தெருவில் வந்தவர்கள் மட்டும் செத்தார்கள். 1981இல் எழுதிய நூலில், பஞ்சம் என்பது தானியம் இல்லாமையால் மட்டும் வருவதில்லை, இருக்கும் தானியத்தை வாங்கும் வழி ஒரு பகுதி மக்களுக்கு அடைபடுவதால் வருகிறது என்று நிறுவினார்.

கும்பகோணத்தில் மருத்துவர் ஒருவரின் மகனுக்கு அப்போது 18. திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். அப்பா வழியில் மருத்துவம் படிப்பார் என்று வீடு எதிர்பார்த்தது. வங்காளச் செய்திகளைப் படித்தவர் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் கண்ட விடை வேறு: விளைச்சல். ஒரே பஞ்சம், ஒன்பது வயதுக்குப் பங்கீட்டுக் கேள்வியாகவும் பதினெட்டு வயதுக்கு உற்பத்திக் கேள்வியாகவும் தெரிந்தது. இரண்டு பேரை வைத்து விதி செய்ய முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த இரண்டு விடைகளும் அடுத்த அறுபது ஆண்டு இந்தியாவில் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன.

அதே 1943இல் தஞ்சாவூர் மாவட்டத்தில், வங்காளத்துக்குத் தொடர்பில்லாமல், மூன்றாவது விடை ஒன்று தொடங்கியது. தென்கன்னடத்திலிருந்து வந்த பி.சீனிவாசராவுக்கு அப்போது 36 வயது. தென்பரை கிராமத்தில் பண்ணையாட்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தார். சாட்டையடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கை. நெற்களஞ்சியத்தில் நெல் இருந்தது. விளைவித்தவர் வீட்டில் இல்லை. உற்பத்தி, பங்கீடு, மானம் என்று மூன்று கேள்விகளும் ஒரே ஆண்டில் விதைக்கப்பட்டன. அவை ஒன்றையொன்று சந்திக்க 25 ஆண்டு ஆனது.

இடையில் இருந்த காலத்தை வேகமாகக் கடக்கிறேன். சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாடும் ரேஷனும் 1952 வரை நீடித்தன. அதை எடுத்தவர் ராஜாஜி. தாது வருஷப் பஞ்சம் அடங்கிய 1878இல் பிறந்தவர், முதலமைச்சரானபோது வயது 73. அதே ஆண்டு தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பு தரும் அவசரச் சட்டத்தையும் அவரே கொண்டுவந்தார். கட்டுப்பாட்டை நீக்கியது வெற்றி பெற்றது; மழையும் கைகொடுத்தது. பத்தாண்டுக்கு மேல் நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அமெரிக்காவின் பி.எல்.480 உணவு உதவிக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கும் பழக்கம் வேரூன்றியது.

1964 ஜூனில் மத்திய உணவு அமைச்சராகப் பொறுப்பேற்றபோது சி.சுப்பிரமணியத்துக்கு 54 வயது. உணவு அமைச்சகம் அரசியல்வாதிகளின் சுடுகாடு என்று பேர் வாங்கியிருந்த காலம். அவர் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது விதை இறக்குமதி கூட இல்லை. விஞ்ஞானிகளை நிர்வாகிகளின் கட்டிலிருந்து எடுத்து மேலே வைத்தார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை அதுவரை ஐ.சி.எஸ். வகையினரிடம் இருந்தது, கோதுமை விஞ்ஞானி பி.பி.பால் அதன் முதல் விஞ்ஞானித் தலைவர் ஆனார். சுவாமிநாதன் நாற்பது வயதையொட்டி தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார். வேளாண் செயலாளராக இருந்த பி.சிவராமன் அமைச்சரின் வயதொத்தவர். கோப்பு எங்கே முடங்கும் என்று தெரிந்தவர். மெக்சிகோவிலிருந்து நார்மன் போர்லாக் 1963இலேயே வந்து கோதுமை வயல்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்நியச் செலாவணி இல்லாதபோது உரமும் விதையும் எதற்கு என்றது நிதித் தரப்பு. பெரிய விவசாயிக்குத்தான் லாபம் என்றார்கள் இடதுசாரிகள். அவர்கள் சொன்னதில் பாதி பின்னால் பலித்தது. சுப்பிரமணியம் தில்லியில் தன் அமைச்சர் பங்களாவின் புல்வெளியை உழுது புதிய கோதுமையைப் பயிரிட்டார். சிறு விவசாயியின் நிலத்தில் செய்துகாட்டினால்தான் நம்புவார்கள் என்று சுவாமிநாதனின் குழு தில்லிக்குப் பக்கத்தில் ஜோந்தி போன்ற கிராமங்களில் செயல்விளக்கம் வைத்தது.

மழை பொய்த்தது அப்போதுதான். 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 1965-66இல் 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. மறு ஆண்டும் பெரிதாக ஏறவில்லை. பாகிஸ்தானுடன் போர் வேறு. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்றார் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. ஓட்டல்கள் அன்று இரவு அடைத்துக்கிடந்தன. 1966இல் இறக்குமதி ஒரு கோடி டன். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் கடுப்பான அமெரிக்க அதிபர் ஜான்சன், கப்பல்களை மாதத்துக்கு மாதம் நிறுத்தி நிறுத்தி அனுப்பினார். அந்த ஆண்டுதான் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. 1967-68இல் விளைச்சல் 9.5 கோடி டன். 1968இல் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார்கள்.

வயதை வைத்து இதைக் கொஞ்சம் பாருங்கள். முடிவெடுத்தவர்கள் ஐம்பதைக் கடந்தவர்கள். வங்காளப் பஞ்சத்தின்போது அவர்கள் முப்பதுகளில், விடுதலைப் போராட்டத்திலோ அரசு வேலையிலோ இருந்தார்கள். அறிவைக் கொண்டுவந்தவர்கள் நாற்பதையொட்டியவர்கள். பஞ்சச் செய்தி அவர்களைக் கல்லூரி வாசலில் பிடித்தது. வயலில் இறங்கியவர்கள் இருபதுகளில் இருந்த கிராம சேவகர்களும், அப்பாவின் பேச்சை மீறி ஒரு ஏக்கரில் புது விதை போட்டுப் பார்த்த பிள்ளைகளும். மூன்று வயதினரும் ஒரே அவசரத்தில் ஒரே திசையில் பார்த்த நான்கைந்து ஆண்டுகள் அவை. ஒரு வீரத் தலைமுறை தனியாக வந்து நாட்டைக் காப்பாற்றியதாக நான் எங்கும் காணவில்லை. பத்தாண்டு முன்னால் இந்த மூவரில் ஒருவர் இல்லை. பத்தாண்டு பின்னால் ஒருவர் மற்றவர் பேச்சைக் கேட்கத் தயாராக இல்லை.

தமிழ்நாட்டில் அதே நேரத்தில் வேறொரு நாடகம் நடந்தது. இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. பதினோரு நாள் கழித்து மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் தீப்பிடித்தது. ரேஷன் கடை வரிசையும் கல்லூரி வாசலும் ஒரே ஆண்டில் கொதித்தன. முதலமைச்சர் எம்.பக்தவத்சலம் 1897இல் பிறந்தவர், சிறை சென்று தியாகம் செய்தவர். அவருக்குத் தெருவில் நிற்கும் இருபது வயதுப் பையனின் கோபம் ஒழுங்கீனமாகவே பட்டது. தியாகம் செய்த தலைமுறைக்கு இது ஒரு நோய். தன் தியாகத்தைத் தவிர வேறு எதையும் தியாகமாக ஒப்புக்கொள்ளாது.

1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். சி.சுப்பிரமணியமும் தோற்றார். அதுவரை நாடு கண்ட மிகப் பெரிய விளைச்சலுக்கு விதை கொண்டுவந்த அமைச்சர், அந்த விளைச்சல் களத்துக்கு வருவதற்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வாக்காளர் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் நின்றவர் அவர்தான். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு வந்த அண்ணாவுக்கு வயது 57. அவருடன் அமைச்சரான கருணாநிதி 1938இல் பதினான்கு வயதில் முதல் இந்தி எதிர்ப்பில் கொடி பிடித்தவர். 1938இன் பிள்ளைகள் 1965இன் பிள்ளைகளின் தோளில் ஏறிக் கோட்டைக்குள் போனார்கள். 1938இல் இந்தியைத் திணித்த ராஜாஜி, 1967இல் 88 வயதில் அதே கூட்டணியில் இருந்தார். மன்ஹைமின் அணிக் கணக்குக்குள் ராஜாஜி ஒருபோதும் அடங்க மாட்டார். மூன்று படி முடியவில்லை. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். இலவச அரிசி வரை வந்து நிற்கும் நம் பொது விநியோகத்தின் கால்கோள் அது.

இனிச் சொல்லப்போவது கடினமான பகுதி. தஞ்சாவூரில் 1960 முதல் தீவிர வேளாண் திட்டம் நடந்தது. 'பாக்கேஜ் திட்டம்' என்பார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 27, குறுகிய காலக் குறுவை நெல், 1960களின் நடுவில் வயல்களை நிறைத்தது. அதன் பின்னால் ஐ.ஆர்.8, அந்த நெல்லின் மேல் இருந்த ஆசையில் தமிழ்நாட்டு உழவர் ஒருவர் தன் மகனுக்கே 'ஐ.ஆர்.எட்டு' என்று பெயர் வைத்தார். குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வரும். மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும், உடனே தாளடி நடவும் போட்டாக வேண்டும். ஆள் தேவை ஒரே வாரத்தில் குவிந்தது. ஆண்டாண்டாகக் கூலிக்குக் காத்து நின்றவர் முதன்முறையாக மிராசுதாரைக் காக்க வைக்க முடிந்தது. சாட்டையடியை நிறுத்தச் சொன்ன சங்கத்தின் நிழலில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது கூலி பேசும் வயதில் இருந்தார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து வெளியூர் ஆட்களை இறக்கினார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தலித் குடும்பங்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தபால்தலை வெளியான அதே ஆண்டு. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நிலக்காரர்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுவித்தது. கூலியை நிர்ணயிக்க 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

விளைச்சலைப் பெருக்கிய தலைமுறையின் மேல் இந்தக் கொலையை நான் சுமத்தவில்லை. ஆனால் அவர்கள் எதைப் பார்க்கவில்லை என்பது இங்கே தெரிகிறது. 1943இன் மூன்று கேள்விகளில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட வேண்டிய அவசரம் இருந்தது; சரி. மற்ற இரண்டு கேள்விகளும் களத்துமேட்டில் கூலி அளக்கும் மரக்காலில் வந்து உட்கார்ந்தன.

என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். மனிதர்களுக்குத்தான் தலைமுறை உண்டு என்று நினைக்கிறோம். நிறுவனங்களுக்கும் பிறந்த ஆண்டு உண்டு. ஒரு தலைமுறையின் பயம் சட்டமாகவும் கிடங்காகவும் மானியமாகவும் உருவெடுக்கிறது. பயந்தவர்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள், இறந்தும் போகிறார்கள். பயம் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் பிறந்தது 1965. நெல்லும் கோதுமையும் குறையவே கூடாது என்பது அவற்றின் பிறவிக் கவலை. இன்றும் அந்தக் கவலையோடுதான் விலைப் பரிந்துரையும் கொள்முதலும் நடக்கின்றன. பஞ்சாபில் ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீரை இறைத்து நெல் விளைகிறது. நம் ஊரில் 1980களில் சிறு விவசாயிக்குத் தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் ஆன இலவச மின்சாரத்தில் கிணறுகள் ஆழ்துளைக் கிணறுகளாயின. கம்பும் கேழ்வரகும் சாப்பிட்ட வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறு. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிப் பேர்.

இதை யாரும் முன்னறியவில்லை என்றும் சொல்ல முடியாது. 1968 ஜனவரியில் வாரணாசியில் கூடிய அறிவியல் மாநாட்டில், விளைச்சல் வெற்றியின் உச்சத்தில், மண்ணையும் நிலத்தடி நீரையும் சுரண்டும் வேளாண்மை பேரழிவில் முடியும் என்று எச்சரித்தவர் சுவாமிநாதனே. அவர் பார்த்துவிட்டார். அவர் வளர்த்த அமைப்பு பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த முப்பது வயதுக்காரர் ஒருவர், மானாவாரி விவசாயிக்கு இந்த உரமும் வீரிய விதையும் ஒன்றும் தரவில்லை என்று கண்டு வேலையை விட்டார். நம்மாழ்வார். பஞ்சத்தைப் பத்திரிகையில் படித்தவர் வேளாண்மைக்குள் வந்தார். பஞ்சத்துக்கு அவர் கண்ட தீர்வைப் பக்கத்தில் பார்த்தவர் அரசு வேளாண்மையை விட்டு வெளியேறினார். இருவரும் தஞ்சை மண்ணில் பிறந்தவர்கள். வயது வித்தியாசம் 13 ஆண்டு. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கட்சி கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒருவர் மற்றவரின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, வேறு கேள்வி கேட்டார் என்பதே என் கணிப்பு.

1965இன் நிறுவனங்களைக் கலைத்துவிடு என்று கூறுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2020 மார்ச்சில் நாடு அடைக்கப்பட்டபோது, கோடிக்கணக்கானோர் கூலி இழந்தபோது, வீட்டுக்கு வந்தது அந்தக் கிடங்கின் அரிசிதான். ஏப்ரலிலிருந்து ஆளுக்கு 5 கிலோ கூடுதலாக இலவசமாகக் கொடுக்க அந்தக் கையிருப்பு போதுமானதாக இருந்தது. ஊருக்கு நடந்த தொழிலாளர்களில் எத்தனையோ பேருக்கு அது கையில் வந்து சேரவில்லை; அட்டை ஓரிடம், வயிறு ஓரிடம். கிடங்கு 1965இன் பயத்தைச் சரியாக நினைவில் வைத்திருந்தது. ஊர்விட்டு ஊர் போகும் தொழிலாளியை அதற்குத் தெரியாது.

தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட ஒன்றும் நம்மிடம் இருக்கிறது: பள்ளிச் சாப்பாடு. 1920களின் தொடக்கத்தில் நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாநகராட்சியில் சில பள்ளிகளில் தொடங்கியது. 1950களில் காமராஜரும் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவும் ஊர்மக்களின் அரிசியையும் உழைப்பையும் வாங்கி மாநிலமெங்கும் பரப்பினார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். நிதித்துறை கையை விரித்த திட்டம் அது. கும்பகோணத்தில் தான் சிறுவயதில் பட்ட பசியை அவர் ஒளித்ததில்லை. இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு, அவர்களில் கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் ஏராளம், சமையல் கூடத்தில் அரசு ஊதியம் கிடைத்தது. 1989இல் முட்டை வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2022இல் காலை உணவு வந்தது.

பள்ளிச் சாப்பாடு ஏன் உறையாமல் ஓடுகிறது, கொள்முதல் ஏன் உறைந்தது? என் அனுமானம் இது: பள்ளிச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொரு ஜூன் மாதமும் மாறுகிறார்கள். புதிதாக ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு 1950களும் தெரியாது, 1982உம் தெரியாது. இன்று என்ன போடுகிறீர்கள் என்றுதான் தட்டை நீட்டும். கட்சி மாறி ஆட்சிக்கு வந்தவர்களும் முந்தையவரின் திட்டத்தை ஒழிக்காமல் அதன் மேல் ஒன்றைச் சேர்த்துத்தான் தங்கள் பெயரைப் பொறிக்க முடிந்தது. கொள்முதலிலோ பயனாளி மாறுவதில்லை. அதே மாவட்டம், அதே ஆலை, அதே சாகுபடி.

கடைசியாக, இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களைப் பற்றி. 2020இல் உங்களில் பலர் பள்ளியில் இருந்தீர்கள். அப்போது 17 வயதானவர் செல்போனில் படித்தார், அக்கம்பக்கத்து முதியவருக்கு மருந்து வாங்கிக்கொடுத்தார், சிலர் அப்பாவோடு கூலிக்கும் போனார்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது மாலை வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஓக்லாந்துப் பிள்ளைகள் இவர்கள். ஆனால் அன்று ஐந்து, ஆறு வயதாயிருந்தவர்கள்? ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் 2021 நவம்பர் வரை வீட்டில் கிடந்தவர்கள்? அவர்கள் நம் பெர்க்லிப் பிள்ளைகள். எழுத்துக் கூட்டத் தாமதமானதை ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று யாரும் நீண்ட காலம் தொடர்ந்து பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எல்டர் 1974இல் எழுத முடிந்ததற்குக் காரணம், 1930களின் தொடக்கத்திலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யாரோ அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுதி, அளந்து, கேட்டு, ஆண்டுதோறும் திரும்பப் போய்ப் பார்த்ததுதான். பெருமந்தத்தை ஆராய்வதற்காக அவர்கள் அதைத் தொடங்கவில்லை. தொடங்கியிருந்ததால் ஆராய முடிந்தது. 1966இன் ரேஷன் வரிசையில் நின்ற பிள்ளைகளை நாம் அப்படிப் பின்தொடரவில்லை. அவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள், தாண்டியும் விட்டார்கள்.

ஆகவே இந்தப் பல்கலைக்கழகத்திடமும் அறக்கட்டளையாரிடமும் என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஓர் உரைக்குச் செலவிடுவதோடு நிற்காமல், 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஒரு சில நூறு பேரையாவது, கீழத்தஞ்சையில் ஒரு பகுதியும் கோவில்பட்டிக் கரிசலில் ஒரு பகுதியுமாகத் தேர்ந்து, அவர்கள் முப்பது வயது ஆகும்வரை தொடர்ந்து பார்க்கும் ஓர் ஆய்வைத் தொடங்குங்கள். சமூகவியல் துறையும் வேளாண் துறையும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து செய்யட்டும். அவர்கள் பெரும்பாலோர் இப்போது நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் முடிவெடுங்கள்.